சுண்ணாம்பில் வெந்த சோளம்

லாஸ் ஏஞ்சலஸ் நகரின் கிழக்குப் பகுதியில், பொழுது சாய்ந்த பிறகு டாக்கோ வண்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை. புகையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்திவிடும். 1974இல் ராவுல் மார்ட்டினஸ் என்பவர் பழைய ஐஸ்கிரீம் வண்டி ஒன்றை அடுப்படியாக மாற்றி, ஒரு மதுக்கடை வாசலில் நிறுத்தி டாக்கோ விற்றார். அதுதான் பிற்பாடு ‘கிங் டாக்கோ’ என்று பல கிளைகளாகப் பெருகியது. இன்று அந்த ஊரில் இப்படிப்பட்ட வண்டிகளுக்குக் கணக்கில்லை.

பல வண்டிகளில் முதலில் கண்ணை இழுப்பது செங்குத்துக் கம்பியில் சுழலும் பன்றி இறைச்சி. மிளகாய் விழுது பூசிச் செக்கச்செவேல் என்றிருக்கும். உச்சியில் ஒரு அன்னாசி. ஷவர்மா மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் சரிதான். லெபனான் பக்கத்திலிருந்து மெக்சிகோவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்த கம்பி அது. ஆட்டின் இடத்தில் பன்றி வந்து ‘அல் பாஸ்டர்’ ஆனது. இறைச்சியைச் சீவி, அன்னாசியில் ஒரு துண்டைச் சுண்டி, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி நீட்டுவார்கள்.

சாப்பிட்டவர்கள் எல்லோரும் இறைச்சியைத்தான் புகழ்கிறார்கள். சைவக்காரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்; என் வியப்பு முழுக்க அடியில் கிடக்கும் டார்ட்டியாவின் மேல்தான். உள்ளங்கை அகல மக்காச்சோள ரொட்டி. மக்காச்சோள மாவில் கோதுமையின் பசைப்புரதம் கிடையாது. வெறும் மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓரமெல்லாம் விண்டுபோகும். ஆனால் இந்த டார்ட்டியாவோ மடித்தாலும் கிழியாமல் சாற்றைத் தாங்குகிறது. சூடான கல்லில் திருப்பிப் போட்டால் பூரி போல உப்பவும் செய்கிறது.

காரணம், சுண்ணாம்பு. நாம் வெற்றிலையில் தடவுகிறோமே, அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. ஒரு கிலோ உலர்ந்த மக்காச்சோளத்துக்குப் பத்து கிராம் அளவில் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்து, சோளத்தை அதில் வேகவைத்து, இரவு முழுக்க அப்படியே ஊறவிடுகிறார்கள். காலையில் கை விட்டுக் கசக்கினால், முன்பு நகத்துக்கும் மசியாத தோல் வழுவழுவென்று கழன்று வருகிறது. அந்தத் தோலைக் கட்டிப்பிடித்திருக்கும் ஹெமிசெல்லுலோஸ் காரத்தில் கரைந்துபோவதுதான் சங்கதி. அந்தக் கரைசலில் ஒரு பங்கு மாவில் பிசினாகத் தங்குகிறது. மாவுச்சத்தும் பாதி வெந்து ஒட்டும் பதத்துக்கு வந்துவிடுகிறது. கழுவி, எரிமலைக் கல்லில் அரைத்தால் ‘மாசா’ என்கிற மாவு. மாசாவின் வாசனைகூடப் பச்சைச் சோளத்துக்குச் சொந்தமானதல்ல. காரத்தில் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம் சிதைந்து பிறக்கும் அமினோஅசெட்டோபினோன் என்ற பொருளுக்கு அதில் பெரும்பங்கு.

மெக்சிகோவும் அதன் அண்டை நாடுகளும் இந்தப் பக்குவத்தை மூவாயிரம் ஆண்டுகளாகக் கையாள்கின்றன. கொலம்பசுக்குப் பிறகு மக்காச்சோள விதை கப்பலேறியது, பக்குவம் ஏறவில்லை. சுண்ணாம்பு எதற்கு என்று அந்த மாலுமிகள் கேட்டிருந்தால் பல லட்சம் பேர் பிழைத்திருப்பார்கள்.

1735இல் ஸ்பெயினில் காஸ்பர் காசல் என்ற மருத்துவர் ஒரு புது நோயைக் கண்டார். வெயில் படும் தோல் வெந்து கறுக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, கடைசியில் புத்தி பேதலிக்கும். பெலாக்ரா என்று பின்னர் பெயர் பெற்ற அது, மக்காச்சோளமே கதி என்று கிடந்த ஏழைகளைத் துரத்தியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் மடிந்தார்கள். தொற்றுநோய் என்றே மருத்துவர்கள் பலர் அடித்துச் சொன்னார்கள். ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர் மட்டும் உணவில்தான் கோளாறு என்றார். 1915இல் மிசிசிப்பிச் சிறைப் பண்ணையில் மன்னிப்புக்கு ஆசைப்பட்டு முன்வந்த கைதிகளுக்கு மக்காச்சோளம் மிகுந்த உணவையே கொடுத்துவந்தார். 11 பேரில் 6 பேருக்கு நோய் வந்தது. அப்போதும் நம்பாதவர்களுக்காக, அடுத்த ஆண்டு நோயாளிகளின் ரத்தத்தைத் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டார், அவர்களின் தோல் செதிலையும் மலத்தையும் உருண்டையாக்கி விழுங்கினார். அவர் மனைவியும் ரத்தம் ஏற்றிக்கொண்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

குறைந்திருந்த சத்து நியாசின் என்று 1937இல் கான்ராட் எல்வெஜெம் என்ற உயிர்வேதியியலாளர் கண்டறிந்தபோது கோல்ட்பெர்கர் உயிரோடு இல்லை. மக்காச்சோளத்தில் நியாசின் இல்லாமலில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி நார்ப்பொருளோடு பிணைந்து கிடப்பதால் நம் குடலுக்கு எட்டாது. சுண்ணாம்பு அந்தப் பிணைப்பை அறுத்துவிடுகிறது. மெக்சிகோக்காரர்கள் டார்ட்டியாவோடு பீன்ஸையும் சேர்த்தே தின்பதால் வேண்டிய டிரிப்டோஃபேனும் கிடைத்துவிடுகிறது. உடம்பு அதிலிருந்தும் நியாசின் செய்துகொள்ளும். கூடுதலாகச் சுண்ணாம்பின் கால்சியமும் மாவில் ஏறுகிறது.

இவ்வளவு செய்யும் சுண்ணாம்பால் தர முடியாத ஒரு வைட்டமின் ஃபோலிக் அமிலம். சிசுவின் தண்டுவடம் சரியாக மூட அது தேவை. அமெரிக்கக் கோதுமை மாவில் 1998 முதல் அதைக் கட்டாயமாகக் கலக்கிறார்கள், ஆனால் மாசாவை விட்டுவிட்டார்கள். அங்கே தண்டுவடக் குறையோடு பிறக்கும் குழந்தைகள் லத்தீன் அமெரிக்க வம்சாவளித் தாய்மாரிடம் அதிகம். அதனால் கலிபோர்னியா 2024இல் சட்டம் இயற்றி, 2026 ஜனவரி முதல் பொட்டல மாசா மாவிலும் ஃபோலிக் அமிலம் சேர்க்க வேண்டும் என்று விதித்தது.