இழப்பு மதிப்பீட்டாளரின் கருவிகள்

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை நாம் மறந்திருக்க முடியாது. இத்தகைய வெள்ளம் வடிந்தபின், காப்புறுதி செய்த வீடுகளுக்கு வருபவர் இழப்பு மதிப்பீட்டாளர். கிடைக்கும் தொகை பெரும்பாலும் அவரது அறிக்கையைப் பொறுத்தது. அவர் கையில் இருக்க வேண்டியவை யாவை?

முதலில் ரப்பர் காலணியும் கையுறையும். வெள்ளச் சேற்றில் எலியின் சிறுநீர் வழியே எலிக்காய்ச்சல் தொற்றும். அளவு நாடா, கைவிளக்கு, நிழற்படக் கருவி ஆகியவற்றை விளக்க வேண்டுவதில்லை. பேனாவினும் பென்சிலே சிறந்தது. ஈரத்தாளில் அதன் எழுத்துப் பரவாது.

விளக்க வேண்டுவது ஈரமானி (தமிழில் அவ்வாறு வழங்கலாம் என்பது நம் கருத்து). இதற்கு இரண்டு ஊசிகள் உண்டு. உலர்ந்த மரம் மின்சாரத்தை எளிதில் கடத்தாது; ஈரமரம் கடத்தும். ஊசிகளுக்கிடையேயுள்ள மின்தடையைக் கொண்டு கருவி ஈரத்தைக் காட்டுகிறது. செங்கற்சுவரிலோ நுண்துளைகள் வழியே நீர் மேலேறும். ஆதலால் சேற்றுக்கோட்டுக்கு மேலும் ஈரம் இருக்கும். கோட்டை மட்டும் அளந்தெழுதினால் நட்டம் வீட்டுக்காரருக்கே. ஆயினும் கருவியையும் கண்மூடி நம்பலாகாது. உப்புப் படிந்த சுவரில் அது ஈரத்தை மிகுத்துக் காட்டும். எனவே, நனையாத அதேவகைச் சுவரிலும் குத்தி ஒப்பிடுவார் தேர்ந்தவர். வீட்டுக்காரரும் உடனிருந்து அவ்வெண்களைக் குறித்துக்கொள்வது நன்று.