உஷார்! காசு தருகிறோம் என்பவனுக்கு நீங்கள் ஏன் காசு கட்டவேண்டும்?

போன மாதம் ஒரு பின்னேரம், கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பிள்ளை ஒருத்தி கைபேசியும் கையுமாக ஓடி வந்தாள். உயர்தரம் எழுதிவிட்டுத் தையலும் உடை வடிவமைப்பும் படிக்க ஆசைப்படுகிறவள்.

"சேர், எனக்கு உதவித்தொகை கிடைச்சிருக்கு. 75,000 ரூபாய். தனியாள் திறன் விருத்திக்கு எண்டு போட்டிருக்கினம். பதிவுக் காசு 2,500 இண்டைக்கு ஆறு மணிக்குள்ள போடவேணுமாம். போடட்டோ?"

அப்போது மணி ஐந்தரை.

வட்ஸ்அப்பில் வந்திருந்த கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். மேலே அரச இலச்சினை, பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக் கொடி, கீழே நீல மையில் கையெழுத்தும் வட்ட முத்திரையும். எல்லாம் கச்சிதம். தமிழ் மட்டும்தான் காட்டிக்கொடுத்தது. எங்கள் அலுவலகங்கள் எழுதும் தமிழ் கரடுமுரடாக இருக்கும், ஆனால் மனிதர் எழுதியது என்று தெரியும். இது யந்திரம் துப்பிய தமிழ்.

"நீ எங்கை விண்ணப்பிச்சனி?" என்று கேட்டேன்.

"ஒரு இடமும் இல்லை சேர்."

விதைக்காத வயலில் நெல்லு விளையாது என்பது இரணைமடுத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியாததா? தெரியும். ஆனாலும் அந்த அரை மணித்தியாலம் அவளை யோசிக்க விடவில்லை. "இன்று ஆறு மணிக்குள்" என்பதன் வேலையே அதுதான். அவள் தப்பினாள். 2,500 கட்டியிருந்தால், அடுத்த நாள் "வங்கி மாற்றுக் கட்டணம்" 6,000 கேட்டிருப்பார்கள். அதற்கடுத்த நாள் "வரி". கட்டியதை விட மனம் வராமல் மேலும் மேலும் கட்டுவோம். கடைசியில் அந்த இலக்கம் வேலை செய்யாது.

இந்த வலை வன்னியில் இவ்வளவு சுலபமாக விழுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். நாங்கள் படிவம் நிரப்பிப் பழகிய சனம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் வந்தவர்களிடம் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் கொடுத்தோம். மீள்குடியேறியபோது கொடுத்தோம். வீட்டுத்திட்டம், கோழிக்கூடு, தையல் மெசின், வாழ்வாதாரம் என்று யார் வந்து கேட்டாலும் அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகப் பிரதியும் எடுத்து நீட்டினோம். கொடுத்தவனுக்குத்தான் கிடைத்தது, ஆதலால் அதில் பிழை சொல்ல ஏலாது. அப்படிப் பழகிய கை இன்றைக்குக் கைபேசியில் வரும் இணைப்புக்கும் அதே பிரதிகளைப் படம் பிடித்து அனுப்புகிறது.

உண்மையான மானியம் எப்படி வரும் என்பதும் எங்களுக்குத் தெரியாததல்ல. இந்திய வீட்டுத்திட்டத்தை நினைத்துப் பாருங்கள். 2012க்குப் பிறகு ஒரு வீட்டுக்கு 550,000 ரூபாய். பயனாளிப் பட்டியலில் பெயர் வந்து, அத்திவாரம் எழும்பி, அதை ஆள் வந்து பார்த்த பிறகுதான் அடுத்த தவணை வங்கிக்கு வந்தது. ஆமை வேகம். திட்டித் தீர்த்தோம். ஆனால் அந்தக் காசைப் பெற எவரும் முதலில் காசு கட்டச் சொல்லவில்லை. வெளிநாட்டுப் புலமைப்பரிசில்களும் அப்படித்தான். பிரித்தானிய அரசின் செவ்னிங், அமெரிக்காவின் புல்பிரைட் இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது. அவ்வளவு பெரிய புலமைப்பரிசிலுக்கே இல்லாத கட்டணம் ஒரு 75,000 ரூபாய்க்கு எங்கிருந்து வந்தது?

காசு கேட்காமல் வருபவன் இன்னும் ஆபத்தானவன். எனக்கு மிகவும் பயமான விடயம் இதுதான், ஆறுதலாக வாசியுங்கள். "கனடாவிலிருந்து ஒரு அண்ணை வன்னிப் பிள்ளைகளின் படிப்புக்குக் காசு அனுப்புகிறார். உங்கள் கணக்குக்கு இரண்டு இலட்சம் வரும். நீங்கள் 20,000 வைத்துக்கொண்டு மிச்சத்தை வேறு பிள்ளைகளின் கணக்குகளுக்கு மாற்றிவிடுங்கள்." கேட்க நல்ல காரியம் போலிருக்கும். உண்மையிலேயே காசும் வரும். அது வேறெங்கோ ஏமாற்றப்பட்ட ஒருவரின் காசு. அவர் பொலிசில் முறையிட்டதும் தடம் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது உங்கள் பெயரும் உங்கள் கணக்கும்தான். கனடா அண்ணையின் முகத்தை நீங்கள் கண்டதே இல்லை. 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது; "எனக்குத் தெரியாது சேர்" என்பதை நீங்கள்தான் நிறுவிக்கொண்டு அலையவேண்டும். கணக்கு முடக்கப்பட்டால் அதற்குள் வரும் அஸ்வெசும காசும் சேர்ந்து முடங்கும். புலம்பெயர் உறவுகளில் உண்மையாக உதவுகிறவர்கள் ஏராளம். அவர்கள் பாடசாலையூடாக, பழைய மாணவர் சங்கத்தினூடாக, ஊரறிந்த ஆளூடாக அனுப்புவார்கள். உங்கள் கணக்கை ஒழுங்கை போலப் பாவிக்கமாட்டார்கள்.

இன்னொரு ரகம், கையெழுத்து. "பயிற்சிக்கு உதவி" என்று சொல்லி ஐந்து பெண்களைக் கூட்டி ஒருவருக்கொருவர் கையெழுத்து வைக்கச் சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள். அது பிணை, பின்னால் வருவது கடன். நுண்கடன் எங்கள் ஊர்களை என்ன செய்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. கிழமைக்கிழமை வாசலில் வந்து நின்றவர்களைப் பற்றி முல்லைத்தீவில் கேளுங்கள், சொல்வார்கள். 2018இல் அரசாங்கமே தலையிட்டு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பட்ட ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்கு நிலைமை போயிருந்தது. தாளில் "மீளச்செலுத்தல்", "தவணை", "பிணையாளி" என்ற சொற்களில் ஒன்று இருந்தாலும் அது உதவித்தொகை இல்லை. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால் கையெழுத்து வைக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து ஆரிடமாவது வாசிப்பியுங்கள். கொண்டுபோக விடமாட்டோம் என்றால் விடை கிடைத்துவிட்டது.

சான்றிதழ் வியாபாரத்தையும் சொல்லவேண்டும். "பாதிக் காசு நாங்கள் மானியமாகத் தருகிறோம், மீதி 40,000 நீங்கள் கட்டுங்கள், மூன்று மாதத்தில் என்.வி.கியூ. 4" என்ற பதாகைகள் சந்திகளில் தொங்குகின்றன. எல்லாமே பொய் என்று சொல்லவரவில்லை. ஆனால் 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி தொழிற்பயிற்சி நிறுவனங்கள் மூன்றாம் நிலை, வாழ்க்கைத் தொழிற் கல்வி ஆணைக்குழுவில் பதியவேண்டும். நிறுவனம் பதிந்திருந்தாலும் போதாது. நீங்கள் சேரும் அந்தக் கற்கைநெறிக்குத் தரஅங்கீகாரம் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் உண்மையானதா என்று ஆணைக்குழுவின் இணையத்தளத்திலேயே பார்க்கலாம். பத்து வருடம் மேசன் வேலை செய்தவர், மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர், வகுப்புக்குப் போகாமலே முன்னனுபவத்தைக் காட்டித் தேர்வுக்கு முகங்கொடுத்துத் தகைமை பெறும் முறையும் சட்டப்படி உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டாவிலும் விசாரியுங்கள். எங்கள் வீட்டு வாசலிலேயே, அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இவற்றின் படியை மிதிக்காமல் பதாகைக்குக் காசு கட்டுவது எனக்கு விளங்கவில்லை.

சந்தேகம் வந்தால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். அங்கே திறன் விருத்தி உத்தியோகத்தர், மனிதவள அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று இதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தொண்டு நிறுவனம் மாவட்டத்தில் வேலை செய்ய அனுமதி பெற்றதா என்பதைக் கச்சேரியில் கேட்டறியலாம். துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ பஸ் ஏற முடியாதவர்கள் 1919க்கு எடுத்தால் அரச தகவல் நிலையம் தமிழிலேயே பதில் சொல்லும். இந்த இலக்கத்தைக் கைபேசியில் பதிந்து வையுங்கள். வந்த கடிதத்தில் இருக்கும் இலக்கத்துக்கு எடுத்து அந்தக் கடிதத்தையே விசாரிக்காதீர்கள். கள்ளன் இல்லையென்றா சொல்லுவான்?

ஏற்கனவே கட்டிவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. அடையாள அட்டையின் படத்தையோ, கைபேசிக்கு வந்த ஓடிபி இலக்கத்தையோ கொடுத்துவிட்டு, அப்பா ஏசுவார், சனம் சிரிக்கும் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த மௌனத்தில்தான் அவன் அடுத்த வீட்டுக்குப் போகிறான். வங்கிக்கு இப்போதே எடுத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. இலங்கை கணினி அவசர உதவிப் பிரிவின் இலக்கம் 101. பிறகு பொலிசுக்குப் போங்கள். தனியே போகத் தயக்கமென்றால் உங்கள் ஊர் வாத்தியார் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், கேட்டால் வருவோம்.