விலை வினாவும் விடையும்

உலகியலிலே ஒருவரையொருவர் சந்திக்குங்கால் எழும் வினாக்கள் பல. எங்கே போகிறீர், எப்போது வந்தீர், பிள்ளைகள் எத்தனை பேர் என்பன அவற்றுட் சில. இவற்றுக்கு விடையிறுத்தல் எவருக்கும் எளிது. ஆனால், ஸ்போட்ஸ் கார் எனப்படும் தாழ்ந்த, இரண்டு இருக்கை வண்டியொன்றை வைத்திருப்பவரிடம் முன்பின் அறியாத ஒருவர் வந்து, "இது என்ன விலை?" என்று கேட்கும்போது, வண்டிக்காரரின் நா தடுமாறுகின்றது. உள்ளபடி கூறினால் தற்பெருமையாகத் தோன்றும், மறைத்தால் செருக்காகும், குறைத்துக் கூறினால் பொய்யாகும். இம்மூன்றுக்கும் இடையே ஒரு வழி உண்டா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். விழாவை முன்னிட்டுப் பழைய மாணவர் பலர் தத்தம் வாகனங்களிலே கல்லூரி முற்றத்துக்கு வந்து இறங்கும் இவ்வேளையில், இப்பொருள் பொருத்தமற்றதன்று என்று எண்ணுகின்றோம்.

எம்மிடம் உள்ளது பழைய எம்.ஜி.பி. கார் ஒன்று. எம்.ஜி. என்பது ஒக்ஸ்போட் நகரத்து மொறிஸ் கராஜஸ் என்னும் பெயரின் முதலெழுத்துக்களால் ஆயது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் என்னும் ஊரிலே இவ்வகைக் கார்கள் ஐந்து இலட்சத்துக்கு மேலாகச் செய்யப்பட்டன. ஆகவே, கிடைத்தற்கரிய பொருளென்று இதனைச் சொல்லல் ஆகாது. கொழும்பிலே ஒரு வீட்டின் பின்புறத்து மாமரத்தின் கீழே, நான்கு ரயர்களும் மண்ணிற் புதைந்து கிடந்த நிலையில் இதனை வாங்கினோம். ஓடச் செய்வதற்கு நான்கு ஆண்டுகள் சென்றன.

சில ஆண்டுகளுக்கு முன் இக்காரிலே யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்டோம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர்ப் பயணம். வழக்கம்போல் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்பியபோது, காரைச் சுற்றிப் பதின்மர்வரை கூடிவிட்டனர். அருகிலே புத்தம்புதிய ஜப்பானிய வான் ஒன்று நின்றது. அதன் விலை எமது காரின் விலையிலும் பன்மடங்கு என்பதில் ஐயமில்லை. ஆயினும், அதன் விலையை அறிய எவரும் விரும்பவில்லை. வினா முழுவதும் எம்மை நோக்கியே வந்தது. கச்சான் விற்ற அம்மையார் ஒருவர், "ஐயா, உது என்ன விலை?" என்றார். நாம் ஏதோ சொல்லி மழுப்பினோம். அவர் அதனைப் பொருட்படுத்தவில்லை. "கூரையும் இல்லை, மழை வந்தால் என்ன செய்வியள்?" என்பது அவரது அடுத்த வினா. மடித்து வைத்திருந்த துணிக்கூரையை விரித்துக் காட்டினோம். அம்மையார் முழுமன நிறைவுடன் கச்சான் சரை ஒன்றை எம் கையில் வைத்துவிட்டுப் போனார். விலை என்பது அவருக்கு வாசற்படியாக இருந்ததேயன்றி வீடாக இருக்கவில்லை என்பது அப்போதுதான் எமக்குப் புலனாயிற்று.

எம்மவர் விலை கேட்பதற்குக் காரணம் உண்டு. சந்தையிலிருந்து மீனுடன் வருபவரை வழியிற் காண்போர், "என்ன விலை?" என்று கேட்பது எமது ஊர்களிலே நெடுங்கால வழக்கம். ஆடு வாங்கினாலும், வேலிக்குக் கிடுகு வாங்கினாலும், மணவீட்டுக்குக் கூறை எடுத்தாலும் இதே வினா எழும். விலை எழுதி ஒட்டப்படாத சந்தையிலே, ஒருவர் கொடுத்த விலையை அறிந்துகொள்வதே மற்றவர் ஏமாறாமல் இருப்பதற்கு வழி. அவ்வகையில் இவ்வினா அயலவர்க்கிடையிலான ஓர் உதவி. இங்கிலாந்து முதலிய நாடுகளிலோ, ஒருவரது வருமானத்தையும் அவர் வாங்கிய பொருளின் விலையையும் நேரே கேட்பது பண்பன்று என்று கருதுவோர் மிகப் பலர். அந்நாடுகளிற் பல்லாண்டு வாழ்ந்து திரும்பிய எம் நண்பர்கள் இவ்வினாவைக் கேட்டதும் முகஞ் சுளிப்பதற்கு இதுவே காரணம். கேட்டவர் ஒரு வழக்கத்தில் நின்று கேட்கின்றார். கேட்கப்பட்டவர் வேறொரு வழக்கத்தில் நின்று புண்படுகின்றார். இருவரிடத்தும் குற்றமில்லை.

இனி, உண்மையாக விடை கூற விரும்புவோருக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. காரின் விலை என்பது ஒரே எண் அன்று. இதற்கு நல்லதோர் உதாரணம் ஜகுவார் எக்ஸ்.கே. 120. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஏர்ல்ஸ் கோட் கண்காட்சியில் இக்கார் அறிமுகஞ் செய்யப்பட்டபோது, அதன் அடிப்படை விலை 998 பவுண். ஆயிரத்துக்கு இரண்டு பவுண் குறைத்து விலை வைத்தது ஏன்? அக்காலத்தில் 1,000 பவுணுக்கு மேற்பட்ட அடிப்படை விலையுள்ள கார்களுக்குப் பிரித்தானிய அரசு கொள்வனவு வரியை இரட்டிப்பாக்கியிருந்தது. அந்த எல்லைக்குக் கீழே நின்றும், குறைந்த வரியையும் சேர்க்க, வாங்குவோர் கொடுக்கவேண்டிய தொகை 1,200 பவுணைக் கடந்தது. அப்படியாயின் அக்காரின் விலை 998 பவுணா, அதற்கு மேலா? இரண்டும் உண்மையே. வினவுவோர் எதனைக் கேட்கின்றார் என்பதைப் பொறுத்தே விடை அமையும்.

எமது நாட்டிலே இச்சிக்கல் இன்னும் பெரிது. காரின் விலையோடு, எஞ்சினின் கன அளவையும் பிறவற்றையும் நோக்கி விதிக்கப்படும் உற்பத்தி வரி, விலையுயர்ந்த கார்களுக்கான சொகுசு வரி, பெறுமதி சேர் வரி என்பன ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. இதற்குமேல் காலமும் விலையை மாற்றுகின்றது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், இரண்டு மாதங்களுள் 360 ரூபாவளவை எட்டியது. தனியார் கார்களின் இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேதான். இவ்விடைக்காலத்தில், பல ஆண்டுகள் ஓடித் தேய்ந்த கார்களும் வாங்கிய விலைக்கு மேலாக விற்கப்பட்டதைக் கண்டோம். ஆகவே, நேர்மையான விடையிலே தொகை மட்டுமன்றி ஆண்டும் இருத்தல் வேண்டும். ஆண்டைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்வது, திகதியில்லாத கடிதத்தைப் போன்றது.

வினாவே மாறிப்போன காலமும் ஒன்று இருந்தது. 1990இன் பின்னர், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் அரிதாகியது. ஒஸ்ரின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழைய கார்கள் சில துளி பெற்றோலினால் உயிர்பெற்று, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடின. நோயாளரை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றவையும் அவையே. அந்நாட்களில் ஒரு காரைக் கண்டவர் அதன் விலையைக் கேட்டாரில்லை; "ஓடுமோ?" என்றே கேட்டார். பொருளின் மதிப்பு விலையில் மட்டும் இல்லை என்பதை அக்காலத்தை அறிந்தவர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இந்த வினாவுக்கு நாம் பல காலம் பிழையான விடைகளையே கூறிவந்தோம் என்பதை ஒப்புக்கொள்ளுகின்றோம். இளமையில், "உமக்கு ஏன் அது?" என்றோம். அது கேட்டவரை அவமதித்தது. பின்னர், "மிக மலிவு" என்று குறைத்துச் சொன்னோம். அடக்கமென்று அதனை எண்ணியிருந்தோம். ஆனால், அன்பர் ஒருவர் அதனை மெய்யென்று நம்பி, "அந்த விலைக்கு எனக்கும் ஒன்று பார்த்துத் தாருங்கள்" என்று ஆறு மாதம் எம்மைத் தொடர்ந்தார். அதன் பின்னர் மூன்றாவதாக ஒரு முறையைக் கைக்கொண்டோம். அஃது உபதேசம். அதுவே மூன்றினுங் கொடியது என்பதைக் கற்பித்தவன் ஒரு மாணவன்.

முறிகண்டியில் நின்ற அதே பயணத்தில், மறுநாட் காலை, எம் கல்லூரி வாயிலருகே காரை நிறுத்தியிருந்தோம். வெள்ளைச் சீருடை அணிந்த மாணவனொருவன் சற்று நேரம் காரைப் பார்த்து நின்றான். பிறகு, "ஐயா, இந்தக் கார் என்ன விலை?" என்று கேட்டான். நாமோ ஆசிரியர் நாற்காலியில் இருப்பவர்போல, "தம்பி, வடிவாய்ப் படியும், இதிலும் நல்ல கார் வாங்குவீர்" என்றோம். அவன் முகம் மாறவில்லை. "எனக்கு வாங்க இல்லை ஐயா. அப்பாவின்ரை ஏ-40ஐ விக்கப் போறம். அவருக்கு இப்ப ஓட ஏலாது. பழைய காருக்கு என்ன விலை சொல்லலாம் எண்டு கேட்டனான்" என்றான்.

தந்தையார் வாடகைக் கார் ஓட்டியவர். தரகர் ஒருவர் வந்து, பழைய இரும்பு என்று சொல்லி ஒரு தொகை பேசிவிட்டுப் போயிருந்தார். வீட்டிலே பேரம் பேச வேறு ஆளில்லை. எம் காரைக் கண்டதும், பழைய காரின் பெறுமதி அறிந்தவர் இவர் என்று எண்ணி, அப்பிள்ளை துணிந்து கேட்டிருக்கின்றான். நாம் கொடுத்ததோ அவனுக்குத் தேவையற்ற ஓர் அறிவுரை.

வெட்கத்துடன் காரின் கதவைத் திறந்து அவனை இருத்தினோம். நாம் கொடுத்த விலையையும், வாங்கிய ஆண்டையும், பழுதுபார்க்கச் செலவான தொகையையும் உள்ளபடி சொன்னோம். பழைய காரின் விலை எவற்றைப் பொறுத்தது என்பதையும் விளக்கினோம். பதிவுப் புத்தகம் கைவசம் இருத்தல் வேண்டும். அதிலுள்ள எஞ்சின் இலக்கமும் செசி இலக்கமும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். அடித்தளத் தகடு துருப்பிடித்ததா என்று பார்த்தல் வேண்டும். விளக்கு, கைபிடி முதலிய ஆதி உறுப்புக்கள் குறையாமல் இருந்தால் விலை கூடும். ஓடுகின்ற காருக்கும் ஓடாத காருக்கும் வேறுபாடு பெரிது. முதலில் வந்தவருக்குக் கொடாது, மூவரிடமாவது விலை கேட்டல் வேண்டும். இவற்றையெல்லாம் அவன் அப்பியாசக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதிக்கொண்டான். மணி அடித்தது, ஓடிவிட்டான். அவன் பெயரைக் கேட்க நாம் மறந்துவிட்டோம். கார் என்ன விலைக்குப் போயிற்று என்பதையும் அறியோம். எம் மனத்தை இன்றுவரை உறுத்துவது வேறொன்று. இவன் மறுமொழி சொல்லும் துணிவுள்ளவன். இவனுக்கு முன்னர் இதே வினாவைக் கேட்டு, எம் உபதேசத்தைப் பெற்று, வாய் திறவாமற் போன பிள்ளைகள் எத்தனை பேரோ!

அன்றுதொட்டு நாம் கைக்கொள்ளும் முறை இதுவாகும். முதலாவதாக, கேட்பவர் யாரென்பதை நோக்குகின்றோம். மாணவராயின் முழுக்கணக்கையும் சொல்லுகின்றோம். வாங்கிய விலையோடு காப்புறுதி, பெற்றோல், கடல் கடந்து வரவேண்டிய உறுப்புக்கள், வேலை தெரிந்த மெக்கானிக்கைத் தேடி அலையும் நாட்கள் என்பவற்றையும் சேர்த்தே சொல்லுகின்றோம். வாங்குவது ஒரு நாட் செலவு, வைத்திருப்பது நெடுநாட் செலவு என்பதை அவர்களே கண்டுகொள்ளுகின்றனர்; எமது உபதேசம் வேண்டியதில்லை. மெக்கானிக்காயின், விலையை விட்டு பொனெற்றைத் திறக்கின்றோம். அவர் கேட்க விரும்பியது உள்ளே இருப்பதைப் பற்றியே. வழிப்போக்கராயின், "இந்த ஆண்டில், ஓடாத நிலையில், இவ்வளவுக்கு எடுத்தோம்" என்ற ஒரு வாக்கியம் போதும். தனிவழியிலும் இரவிலும் அறியாதவர் துருவித் துருவிக் கேட்டால், "பழைய கார்தான், ஐயா" என்று கூறிப் புறப்படுவதில் தவறில்லை. அது செருக்கன்று, முன்னவதானம்.

சொல்ல விருப்பமில்லையாயின் அதனையும் இன்முகத்தோடு சொல்லலாம். "அந்தக் கணக்கை வீட்டிலும் இன்னும் ஒப்புவிக்கவில்லை" என்று நாம் சொன்னபோது சிரியாதவர் இல்லை. வாய்மைக்கும் இனியவை கூறலுக்கும் அழுக்காறாமைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தவர் வள்ளுவர். இந்தச் சிறு வினாவிலே அம்மூன்றும் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன.

இறுதியாக, வெளிநாடுகளிலிருந்து வரும் எம் உடன்மாணவர்களுக்கு ஒரு சொல். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ உள்ள உங்கள் காரின் படத்தைக் கைப்பேசியிற் காட்டும்போது, பக்கத்தில் இருப்பவர் விலையைக் கேட்பார். நீங்கள் அந்நாட்டு நாணயத்திற் சொல்லுவீர்கள். அவர் மனத்துள் ரூபாவாகப் பெருக்குவார். அந்தப் பெருக்கற் கணக்கு முடியும்போது, ஒரே வாங்கில் இருந்து படித்த இருவருக்கிடையே ஒரு மதில் எழுந்துவிடும். அதனைத் தடுக்க விலையை மறைக்க வேண்டியதில்லை. அக்காரை வாங்க எத்தனை ஆண்டு இரவுவேலை செய்தீர்கள், இன்னும் எத்தனை மாதத் தவணை எஞ்சியுள்ளது என்பதையும் உடன் சொல்லுங்கள். பின்னர் அவருடைய நலத்தைக் கேளுங்கள். போர்க்காலம் முழுவதும் இங்கிருந்தவரிடம், விலை கணிக்கமுடியாத கதைகள் பல உள்ளன.

எமது காரின் விலை என்ன என்று வாசகர் கேட்கக்கூடும். பழைய மாணவர் சங்கத்தின் பொருளாளர் இம்மலரை வரிவிடாது வாசிப்பவர். கட்டட நிதிப் பட்டியலும் அவர் கையிலேயே உள்ளது. ஆகையால் அதனை ஈண்டு அச்சிடாது விடுகின்றோம். விழா நாளன்று கார் கல்லூரி வாயிலருகே நிற்கும். நேரில் வந்து கேட்போர்க்கு, ஆண்டோடும் கணக்கோடும், உள்ளபடி சொல்லுவோம். அந்த மாணவன் இப்போது வளர்ந்திருப்பான். அவனும் வருவானாயின், இம்முறை வினாவுவது நாமாக இருப்போம்.