மொபெட், டிராக்டர் திருட்டு: குறைந்த செலவில் தடுக்கும் வழிகள்

இரவில் மும்முனை மின்சாரம் வரும் நாட்களில், தண்ணீர் பாய்ச்சச் செல்லும் விவசாயி மொபெட்டைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, நாலு வயல் தள்ளி மடை திருப்பப் போய்விடுகிறார். வண்டியின் பாதுகாப்பு முழுவதும் ஹேண்டில் பூட்டை நம்பியே இருக்கிறது. அந்தப் பூட்டின் நாக்கு சிறியது. ஹேண்டிலை ஓங்கி ஒரு பக்கம் திருகினாலோ உதைத்தாலோ உடைந்துவிடும். வண்டி திருடுபவன் ஓரிரு நிமிடத்துக்கு மேல் ஓரிடத்தில் நிற்க விரும்ப மாட்டான். சத்தம் கேட்கும்படியான வேலையிலும் இறங்க மாட்டான். ஆகவே அவனுக்குக் கூடுதலாகச் சில நிமிடம் பிடிக்கும்படி, ஒன்றுக்கொன்று வேறான இரண்டு தடைகளை ஏற்படுத்திவிட்டால் பெரும்பாலும் அந்த வண்டியை விட்டுவிட்டு வேறு வண்டியைத் தேடிப் போவான். இதற்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான்.

முதல் தடை, சங்கிலியும் பூட்டும். சக்கரத்தை மட்டும் பூட்டினால் இருவர் சேர்ந்து வண்டியைத் தூக்கிச் சரக்கு வண்டியில் ஏற்றிவிட முடியும். எனவே சங்கிலி பின் சக்கரத்தின் வழியாகவும் வண்டியின் சட்டத்தின் வழியாகவும் சென்று, மரத்திலோ மோட்டார் அறைத் தூணிலோ சுற்றிப் பூட்டப்பட வேண்டும். முன் சக்கரத்தின் அச்சு மரையைக் கழற்றினால் சக்கரம் தனியே வந்துவிடும் என்பதால் அதை மட்டும் பூட்டுவதில் பயன் இல்லை. சங்கிலி தரையில் கிடக்கவும் கூடாது. தரையில் கிடந்தால் கல்லின் மேல் வைத்துச் சம்மட்டியால் அடிப்பதும், வெட்டும் கருவியை ஊன்றி அழுத்துவதும் எளிது. முழங்கால் உயரத்தில், தொய்வின்றி இருக்கட்டும். பழைய சைக்கிள் டியூபைச் சங்கிலி மேல் உறையாகப் போட்டால் வண்டியின் பெயிண்ட் கெடாது. ரம்பம் வைப்பவனுக்கும் ரப்பர் இடைஞ்சலாக இருக்கும். வாளி கட்டும் மெல்லிய சங்கிலி இதற்கு உதவாது. பூட்டு வாங்கும்போது கொண்டி கடினமாக்கப்பட்ட எஃகுதானா என்று கேட்டு வாங்க வேண்டும்.

மறைவு சுவிட்ச்

இரண்டாவது தடை, சாவி இல்லாமல் என்ஜின் கிளம்பாதபடி செய்யும் மறைவு சுவிட்ச். இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி ஒயர் இணைப்பு பொருந்தாது.

பழைய மொபெட்டுகளிலும் சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றிலும், பிளக்கில் பொறி உண்டாக்கும் மின்சாரத்தை என்ஜினே மாக்னெட்டோ மூலம் தயாரித்துக்கொள்கிறது. பேட்டரி அடியோடு இறங்கிப்போன நிலையிலும் உதைத்தால் கிளம்பும் வண்டி பெரும்பாலும் இந்த வகை. இவற்றில் சாவியைத் திருப்பி நிறுத்தும்போது, ஒரு ஒயர் அந்த மின்சாரத்தை வண்டியின் உடலுக்கு, அதாவது எர்த்துக்கு, இழுத்துவிடுகிறது, பொறி நின்றுபோகிறது. சாவித் துளைக்குப் பின்னால் உள்ள இணைப்பைப் பிடுங்கிவிட்டால் எர்த் துண்டிக்கப்பட்டு வண்டி கிளம்பிவிடும். திருடர்கள் செய்வதும் இதுவே. இத்தகைய வண்டியில் அந்த ஒயரை இடையில் வெட்டி சுவிட்ச் வைத்தால் திருடனுக்கு உதவி செய்தது போலாகும். இருக்கைக்கு அடியில் உள்ள மின்பொறிப் பெட்டிக்கு அருகிலேயே அந்த ஒயரிலிருந்து ஒரு கிளை எடுத்து, சிறிய சுவிட்ச் வழியாக உடலுடன் இணைக்க வேண்டும். சுவிட்சைப் போட்டால் எர்த் ஆகும். அதன் பிறகு சாவிப் பக்கம் எதைப் பிடுங்கினாலும் பொறி வராது.

பேட்டரி மின்சாரத்தால் பொறி உண்டாகும் வண்டிகளில் இதற்கு நேர்மாறு. அங்கே பெட்டிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டிக்கும்படி சுவிட்ச் அமைய வேண்டும். இந்த வேறுபாடு தெரிந்த மெக்கானிக்கிடம் வேலையைக் கொடுப்பது நல்லது. வேலை முடிந்ததும் சாவியைத் திறந்து வைத்து, மறைவு சுவிட்சைப் போட்டு உதைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்த பிறகு விற்பனையான வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலைப் பீச்சும் முறையில் இயங்குபவை. இவற்றில் ஒயரை வெட்டினால் கணினிப் பெட்டி கெடலாம், உத்தரவாதமும் போய்விடலாம். இரவு நேரத்தில் பற்றவைப்புக்குரிய பியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வதே போதும்.

பெட்ரோல் காக் உள்ள வண்டிகளில் அதை மூடிவைப்பது செலவில்லாத வழி. கார்புரேட்டரில் தங்கிய பெட்ரோல் தீர்ந்ததும் வண்டி வழியில் நின்றுவிடும். ஆனால் இதை மட்டும் நம்பக் கூடாது.

டிராக்டர்

டிராக்டர் விஷயம் வேறு. ஒரே கம்பெனியின் பல டிராக்டர்களுக்கு ஒரே சாவி பொருந்துவது உண்டு. பழைய வகை டீசல் என்ஜின் ஒரு முறை கிளம்பிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரம் தேவையும் இல்லை. முதலில் பேட்டரியின் எர்த் கேபிளில் திருகு சாவியுள்ள துண்டிப்பு சுவிட்ச் ஒன்றைப் பொருத்தலாம். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் மிக அதிகம் என்பதால் கனமான சுவிட்சாக வாங்க வேண்டும். என்ஜின் ஓடும்போது அதைத் திருப்பினால் ஆல்டர்னேட்டர் கெடும்.

சரிவில் உருட்டியோ வேறு பேட்டரி கொண்டுவந்தோ கிளப்ப முயல்பவனுக்கு இது தடையாகாது. ஆகவே ஸ்டீரிங் சக்கரத்தையும் கிளட்ச் மிதியையும் குட்டையான சங்கிலியால் இணைத்துப் பூட்ட வேண்டும். சமதளத்தில், கலப்பையை மண்ணில் இறக்கி நிறுத்துவதும் உதவும். பேட்டரி மட்டும் திருட்டுப் போவதும் உண்டு. வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் இரும்பால் ஒரு கூடு செய்து, பூட்டுப் போட வசதி வைத்துக்கொண்டால் போதும்.

ஆவணங்கள்

ஆர்.சி. புத்தகத்தின் அசலை வண்டிப் பெட்டியில் வைப்பது, திருடியவன் வண்டியை விற்க வழி செய்து கொடுப்பதாகும். டிஜிலாக்கரில் உள்ள நகலே சோதனையின்போது செல்லும். சாசிஸ் எண்ணின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் அப்படியே பதியும். என்ஜின் எண்ணுடன் அதை வீட்டில் பத்திரப்படுத்த வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு ஒரு பைசாவும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்தாலும் இழப்பீடு கேட்கும்போது இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். சாவியை வண்டியிலேயே விட்டுப் போயிருந்தால் தகராறு எழும்.

வண்டி காணவில்லை என்று தெரிந்தால், தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் போகலாம் என்று இருக்கக் கூடாது. அந்த வண்டி வேறொரு குற்றத்துக்குப் பயன்பட்டால் உரிமையாளர்தான் முதலில் விசாரிக்கப்படுவார். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி, திருட்டு எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டுப் பெற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அன்றே தெரிவிப்பது நல்லது. தெரிவிக்கத் தாமதமாகிவிட்டவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. திருட்டுப் போன டிராக்டர் ஒன்றைப் பற்றிய வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம், போலீசில் உடனே புகார் பதிவாகியிருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகத் தெரிவித்த ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்திருக்கிறது.