டவுன்ஹாலில் உடைந்த பிள்ளையார்

1953 மே 27, புத்தர் பிறந்த நாள். மாலை ஐந்தரை மணி சுமாருக்கு, திருச்சி டவுன்ஹால் மைதானத்தில் கூடியிருந்தவர்கள் முன்னால் பெரியார் பேசினார். பிறகு ஒரு களிமண் பிள்ளையாரைப் போட்டு உடைத்தார். அங்கிருந்து அண்ணாந்தால் மலைக்கோட்டை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகர், உச்சியில் உச்சிப் பிள்ளையார். அந்த இடத்தில் நடந்த அந்தக் காரியம் ஊரில் பலருக்கு நெஞ்சில் தைத்திருக்கும்.

அப்படி மனம் நொந்த வீரபத்திரன் செட்டியார் என்பவர் கோர்ட்டுக்குப் போனார். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய இந்திய தண்டனைச் சட்டம் 295, 295ஏ பிரிவுகளின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தார். பிள்ளையார் உருவத்தில் இருப்பதாலேயே ஒரு மண்பொம்மை புனிதப் பொருளாகிவிடாது என்று மாஜிஸ்திரேட் புகாரைத் தள்ளினார். செஷன்ஸ் கோர்ட்டிலும் தோல்வி. சென்னை உயர் நீதிமன்றத்திலும் தோல்வி. மனிதர் விடவில்லை; டெல்லி வரை போனார்.

1958 ஆகஸ்ட் 25-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி பி.பி. சின்ஹா. ஒரு பொருள் எவ்வளவு அற்பமானதாக இருந்தாலும், ஒரு சாரார் அதைப் புனிதமாகக் கருதினால் போதும், அது பூஜையில் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்றார். அந்த நம்பிக்கை அறிவுக்கு ஒத்ததா இல்லையா என்று எடைபோடுவது கோர்ட்டின் வேலையல்ல என்றும் கீழ் நீதிமன்றங்களுக்குச் சொன்னார். ஆனால் சம்பவம் நடந்து ஐந்து வருடம் ஓடிவிட்டது, இனி விசாரணை வேண்டாம் என்று அப்பீலைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

இன்று மேடைக்கு மேடை இந்தத் தீர்ப்பின் முதல் பாதிதான் பேசப்படுகிறது. எனக்கு இரண்டு பாதியும் முக்கியம். உன் வலி பொய்யல்ல என்று நாட்டின் மிகப் பெரிய நீதிமன்றம் ஒருவரிடம் சொன்னது; அதற்காக இன்னொருவரை ஜெயிலுக்கு அனுப்பவில்லை.

காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். ராஜகோபுரத்துக்கு எதிரே நிறுவப்பட்ட பெரியார் சிலையின் தலையை 2006 டிசம்பர் 7 அதிகாலையில் உடைத்தார்கள். பதிலுக்கு வேறு சில ஊர்களில் சாமி சிலைகள் மீது கைவைத்தார்கள். கோபுர வாசலில் அந்தச் சிலை வந்ததில் பக்தர்களுக்கு வருத்தம் இருந்தது, அதைச் சொல்ல உரிமையும் இருந்தது. ஆனால் அதிகாலையில் வந்து உடைத்தவர்களை அந்த வருத்தத்தின் பிரதிநிதிகளாக நான் ஏற்க மாட்டேன். எங்கோ ஒரு கோயிலில் விக்கிரகத்தைச் சேதப்படுத்தியவர்களையும் பெரியாரின் பிரதிநிதிகளாக ஏற்க மாட்டேன். சேதத்துக்குப் பிறகு அதே இடத்தில் வெண்கலச் சிலை வைத்தார்கள். சுற்றிலும் போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று.

இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, அரசாங்கமே மனம் புண்படுவது. 2011-ல் ஸ்ரீரங்கம் தொகுதியில் ஜெயித்து முதல்வரானார் ஜெயலலிதா. அடுத்த ஐந்தாண்டுகளில் தமிழக அரசு போட்ட அவதூறு வழக்குகள் 213. உச்ச நீதிமன்றத்தில் அரசே கொடுத்த கணக்கு இது. தி.மு.க.வினர் மீது 85, பத்திரிகை, தொலைக்காட்சிகள் மீது 55, விஜயகாந்த் தரப்பின் மீது 48. பொது வாழ்வுக்கு வந்தவர்கள் விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2016-ல் நீதிபதிகள் கண்டித்தார்கள். 2016-க்குப் பிறகு போடப்பட்டவையும் சேர்த்து, பத்திரிகைகள் மீதான சுமார் 90 வழக்குகளை 2021-ல் ஆட்சிக்கு வந்த தி.மு.க. அரசு வாபஸ் வாங்கியது.

செட்டியார் தனி மனிதர், மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து படிப்படியாக ஏறினார். அமைச்சருக்கோ முதல்வருக்கோ அந்தச் சிரமம் கிடையாது. அவருக்காக அரசு வழக்கறிஞரே நேராக செஷன்ஸ் கோர்ட்டில் வழக்குப் போடலாம். செலவு மக்கள் வரிப்பணம். வாய்தாவுக்கு வாய்தா அலைவது எழுதியவர். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 199-வது பிரிவு தந்த இந்த வசதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 222-வது பிரிவாகத் தொடர்கிறது.

திருச்சி தென்னூர் உழவர் சந்தை மைதானத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் கூட்டம் போடுகிறார்கள். காரசாரமாகத்தான் பேசுவார்கள். அங்கே ஏசப்பட்ட அமைச்சர் மனம் புண்பட்டால், அவரும் சொந்தமாக வக்கீல் வைத்து, செட்டியார் ஏறிய அதே மாஜிஸ்திரேட் கோர்ட் படியிலிருந்து தொடங்கட்டும். 222-வது பிரிவு தரும் சலுகையை நாடாளுமன்றம் நீக்க வேண்டும்.