மேம்பாலம் ஏறிய கார்கள்

எழுபதுகளில், எண்பதுகளின் தொடக்கத்தில், மயிலாப்பூரிலோ மேற்கு மாம்பலத்திலோ ஒரு தெருவுக்கு இரண்டு மூன்று கார் இருந்தால் அதிகம். அம்பாசிடர், பியட், இல்லையென்றால் நம் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கிய வண்டி அது. காம்பவுண்டுக்குள் இடமில்லாதவர் வாசலில், தெருவிளக்கு வெளிச்சம் விழும் பக்கமாகப் பார்த்து நிறுத்துவார். எந்தக் கார் யாருடையது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். நள்ளிரவில் அதன் கதவு திறக்கும் சத்தம் கேட்டால், எதிர்வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவர் “யாருப்பா அது?” என்று குரல் கொடுப்பார்.

அப்போதும் திருடு போனது. அதை மறைத்துவிட்டுப் பழைய நாட்களைப் புகழ்வது நியாயமில்லை. பியட்டின் முன்கதவில் காற்றுக்காக ஒரு முக்கோணக் கண்ணாடி இருக்கும். அதை நெம்பிவிட்டால் கை உள்ளே போய்விடும். பூட்டு தானாகக் கைக்கு வரும். வண்டியை முழுசாக ஓட்டிக்கொண்டு போவதைவிட, பாகம் பாகமாகக் கழற்றிப் போவதுதான் கார் வைத்திருந்தவர்களின் நித்திய கவலை. கேசட் பிளேயர், வீல் கப், பாட்டரி, ஸ்டெப்னி என்று எது வேண்டுமானாலும் போகும். ரப்பர் குழாய் போட்டு பெட்ரோலை உறிஞ்சி எடுத்துவிடுவார்கள் என்பதால், பூட்டு வைத்த டேங்க் மூடியைத் தேடி வாங்குவார்கள். இரவில் கைத்தடியைத் தரையில் தட்டி, விசில் ஊதிக்கொண்டு கூர்க்கா சுற்றி வருவார். மாதம் பிறந்ததும் வீடு வீடாக வந்து அவர் வாங்கிப் போகும் சிறு தொகைதான் அன்றைய தெருக் காவலுக்கான செலவு.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதற்குப் பிறகு கார் எண்ணிக்கை ஏறிய வேகத்துக்குத் தெரு அகலமாகவில்லை. தனி வீடுகள் இடிந்து அடுக்குமாடிகள் எழுந்தபோது திண்ணை போனது. திண்ணையில் படுத்திருந்தவரும் போனார். ஒரு வீட்டு வாசலில் இன்னொருவர் வண்டி நிற்கத் தொடங்கியது. கேட்டுக்கு முன்னால் பூந்தொட்டியையும் கருங்கல்லையும் வைத்து இடம் பிடிப்பது, காலையில் சைடு மிரர் உடைந்து கிடப்பது, டயரில் காற்று இறங்கியிருப்பது, கதவில் ஆணியால் கீறிய கோடு இருப்பது எல்லாம் இன்றைய தெருக்களின் நோய். இவற்றைச் செய்பவர் பெரும்பாலும் திருடர் அல்ல, இடத்துக்காக மனம் கசந்துபோன பக்கத்து வீட்டுக்காரர். இது எனக்குத் திருட்டைவிட வருத்தமாக இருக்கிறது.

திருடனுக்கு எதிரான காவலை இன்று காரே பார்த்துக்கொள்கிறது. சாவிக்குள் இருக்கும் சிப்பின் குறியீடு பொருந்தாவிட்டால் எஞ்சின் உயிர்பெறாது. ஒயரை இணைத்து வண்டியைக் கிளப்பும் காலம் முடிந்துவிட்டது. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வண்டிகளுக்கு எளிதில் கழற்ற முடியாத உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வருகிறது. தெருமுனைக்குத் தெருமுனை சிசிடிவி இருக்கிறது. ஆனால் கைவரிசையும் மாறியிருக்கிறது. பட்டனை அழுத்திக் கிளப்பும் கார்களில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலை வாசலிலிருந்தே பிடித்துக் காருக்கு அனுப்பும் கருவி வந்துவிட்டது. சைலன்சரோடு சேர்ந்திருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் அதை அறுத்தெடுக்கவும் ஆள் இருக்கிறது. காரே காணாமல் போனால் இன்சூரன்ஸ் கம்பெனி எஃப்ஐஆரோடு இரண்டு சாவிகளையும் கேட்கும். இரண்டாவது சாவியைத் தொலைத்தவர் அதற்கு விளக்கம் சொல்லியே அலைய வேண்டியிருக்கும்.

என்றாலும், சென்னையில் இரவு காரை நிறுத்துபவரின் அச்சம் இன்று திருடனைப் பற்றியது அல்ல. தண்ணீரைப் பற்றியது.

2015 டிசம்பர் 1 இரவு அடையாறு கரைமீறியது. முடிச்சூர், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் பக்கங்களில், பூட்டிய கேட்டுக்குள் பத்திரமாக நின்ற கார்கள்தான் கூரை வரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கார்கள் ஒன்றோடொன்று மோதி மிதந்து போனதைத் தமிழகமே பார்த்தது. சதுப்பு நிலத்தின் விளிம்பில் வீடு கட்டினோம், அதற்குக் கீழே பள்ளம் தோண்டி காரை வைத்தோம். ஊர் முழுக்க இன்னொன்றும் நடந்திருக்கிறது: பழைய தாரைச் சுரண்டி எடுக்காமலேயே அதன் மேல் புதிய தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் படியேறிப் போன வீடுகளுக்கு இப்போது இறங்கித்தான் போக வேண்டும். மழைநீரும் அந்த வழியாகத்தான் ஸ்டில்ட் பார்க்கிங்குக்குள் இறங்குகிறது.

அதனால்தான் 2024 அக்டோபர் மத்தியில், சிவப்பு எச்சரிக்கை வந்ததும், வேளச்சேரி மேம்பாலத்தின் இரு ஓரமும் கார்கள் வரிசை கட்டின. அபராதம் போடுகிறார்கள் என்ற பேச்சு எழுந்தது. அப்படி எதுவும் இல்லை என்று போலீஸ் மறுத்தது. நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போதும் அதே பாலத்தில் கார்கள் ஏறின. வாடகையிலும் வீட்டு விலையிலும் பார்க்கிங்குக்கென்று தனியாகப் பணம் கொடுத்தவர்கள், ஆபத்து வந்த இரவில் அந்த இடத்தை நம்பவில்லை. அவர்கள் செய்தது சரி என்றே நினைக்கிறேன். மேம்பாலத்தில் ஓர் ஆம்புலன்ஸ் போகும் அகலம் மிஞ்ச வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த அகலத்தை அளந்து கோடு போட்டுத் தர வேண்டியது நிர்வாகம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-ஆம் பிரிவு, பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிற்கும் வண்டியை இழுத்துப் போக அனுமதிக்கிறது. அந்த விதி மற்ற நாட்களுக்கு இருக்கட்டும். மழை இரவுகளுக்கு மட்டும் எந்தப் பாலம், எந்த மேட்டு மைதானம், எந்த அடுக்குப் பார்க்கிங் என்று ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரிலேயே பட்டியல் வந்துவிட்டால், மக்கள் கடைசி நேரத்தில் நள்ளிரவு மழையில் இடம் தேடி ஓட மாட்டார்கள்.

மரத்தடியும் இப்போது நிழல் மட்டுமல்ல. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சாய்த்த மரங்களின் அடியில் எத்தனையோ கார்கள் நசுங்கின. காற்றுக்கான எச்சரிக்கை இருந்தால் மரத்தை விட்டு விலகி நிறுத்துவது நல்லது.

தண்ணீரில் நின்ற காரை மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரிய சேதத்தைக் கொண்டுவரும். காற்று போக வேண்டிய வழியில் எஞ்சினுக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். முழுக் காப்பீடு இருந்தாலும், எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு இல்லாதவருக்கு அந்தச் சேதத்துக்கான பணம் கிடைப்பது கடினம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு எதுவுமே கிடைக்காது. சாவியைத் தொடாமல், பாட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, இழுவை வண்டியில் ஏற்றி மெக்கானிக்கிடம் அனுப்ப வேண்டும்.

வீடு வாங்கப் போகிறவர்கள் மாடி எத்தனையாவது, கிழக்குப் பார்த்ததா என்றெல்லாம் விசாரிக்கிறார்கள். கார் நிற்கும் தரை, வாசல் சாலையைவிட உயரமா தாழ்வா என்று நேரில் போய்ப் பார்க்கட்டும். 2015-இலும் 2023-இலும் அந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைப் பில்டரிடம் கேட்க வேண்டாம். எதிர்ச்சாரியில் மளிகைக் கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். அவர் சுவரில் கைவைத்தே காட்டுவார்.