அடுத்த பார்ட் எப்போ? தீம் பார்க் கேம்களும் கொடைக்கானல் இ-பாஸும்

ஒரு கேம் பிடிச்சுப் போனா அடுத்த பார்ட் எப்போன்னு கேட்கிறது வழக்கம்தான். ஆனா தீம் பார்க் கட்டுற கேம்களோட ரசிகர்கள் கொஞ்சம் தனி ரகம். இருபது வருஷத்துக்கு மேல கிட்டத்தட்ட ஒரே விஷயத்தைத்தான் கேட்டுட்டிருக்காங்க. அடுத்த பார்ட் வராமலும் இல்லை. வருது, கேட்டது மட்டும் அதுல இருக்கிறதில்லை. அது என்னன்னு இன்னைக்குப் பார்க்கலாம். பாதி வழியில கொடைக்கானலுக்கும் போவோம். இந்த ரசிகர்கள் கேட்கிற கேமை அந்த மலையில நிஜ மனுஷங்களை வச்சு ஆடிட்டிருக்காங்க.

முதல்ல கதைச் சுருக்கம். 1994-ல் புல்ஃப்ராக் நிறுவனம் 'தீம் பார்க்'ங்கிற கேமை வெளியிட்டது. அதில் உருளைக்கிழங்கு வறுவலில் உப்பை ஏத்தினா கூல் டிரிங்க்ஸ் வியாபாரம் கூடும். இப்படி ஒரு குறும்பான கேம். 1999-ல் 'ரோலர்கோஸ்டர் டைகூன்' வந்தது. ஸ்காட்லாந்துக்காரர் கிறிஸ் சாயர், கிட்டத்தட்ட முழுக் கேமையும் அசெம்பிளி மொழியில் எழுதினார். அசெம்பிளின்னா பிராசஸருக்கு நேரடியா, படிப்படியா கட்டளை கொடுக்கிற மாதிரி. எழுதுறவருக்கு உயிர் போகும், ஆனா கேம் பறக்கும்.

அந்த வேகம் எதுக்குத் தேவைப்பட்டதுன்னு பார்த்தாதான் ரசிகர்களோட ஏக்கம் புரியும். பார்க்குக்குள்ள வர்ற ஒவ்வொருத்தரும், ரசிகர்கள் 'பீப்'னு சொல்ற அந்தக் குட்டி மனுஷங்க, தனித்தனி ஆள். ஒவ்வொருத்தருக்கும் தனியா பசி, தாகம், களைப்பு, குமட்டல், பாத்ரூம் அவசரம், பாக்கெட்ல மிச்சமிருக்கிற காசு. யாரையாவது கிளிக் பண்ணினா மனசுல என்ன ஓடுதுன்னே படிக்கலாம். "இந்த ரைடுக்கு இவ்வளவு காசா", "இங்க ரொம்பக் குப்பை", "வழி தெரியலை", "வீட்டுக்குப் போகணும்". பழைய கம்ப்யூட்டர்ல இப்படி ஆயிரக்கணக்கான பேரை நடமாட விட்டதுதான் சாயரோட சாதனை. ரோலர்கோஸ்டர் அட்டைப்படத்துக்கு. கேமே இந்தக் கூட்டம்தான்.

2002-ல் இரண்டாம் பாகம், 2004-ல் ஃபிரண்டியர் நிறுவனம் செய்த மூன்றாம் பாகம். அப்புறம் நீண்ட அமைதி. நடுவுல 2014-ல் நாலாம் நம்பர் போட்டு ஒரு மொபைல் கேம் வந்தது. ஒரு ரைடு கட்டி முடிக்க உட்கார்ந்து காத்திருக்கணும், பொறுமை இல்லைன்னா காசு கட்டணும். பெரும்பாலான பழைய ரசிகர்கள் அதைக் கணக்கிலேயே சேர்க்கிறதில்லை. கம்ப்யூட்டர்ல அடுத்தது 'ரோலர்கோஸ்டர் டைகூன் வேர்ல்ட்', 2016-ல். 2004-லிருந்து 2016 வரை பன்னிரண்டு வருஷம், குறிஞ்சி பூக்கிற கணக்கு. கொடைக்கானல் பக்கம் 2006, 2018-ன்னு பூத்தது, அடுத்தது 2030. குறிஞ்சி காத்திருந்தவங்களை ஏமாத்தலை. 'வேர்ல்ட்' ஏமாத்திடுச்சு. அது வெளியான நவம்பர் 16-க்கு மறுநாளே, மூன்றாம் பாகம் செஞ்ச அதே ஃபிரண்டியர் 'பிளானட் கோஸ்டர்'னு தன் சொந்தக் கேமை இறக்கியது. மக்கள் மொத்தமா அந்தப் பக்கம் போயிட்டாங்க.

ரசிகர் கூட்டம் ரெண்டாப் பிரிஞ்சதும் இங்கதான். 'பிளானட் கோஸ்டர்'ல ஒரு சுவர், ஒரு ஓடு, ஒரு விளக்குன்னு துண்டு துண்டா அடுக்கி எதை வேணாலும் கட்டலாம். கட்டடம் கட்டப் பிடிச்சவங்களுக்கு அது சொர்க்கம். நிர்வாகம் பண்ணப் பிடிச்சவங்க கொஞ்ச நாள்ல கொட்டாவி விட ஆரம்பிச்சாங்க. காசு தானா கொட்டுது, கூட்டம் தானா வருது, தப்புப் பண்ணினாலும் பெருசா ஒண்ணும் ஆகலைன்னா எதுக்கு விளையாடணும்?

எட்டு வருஷம் கழிச்சு, 2024 நவம்பர்ல, 'பிளானட் கோஸ்டர் 2'. நீச்சல் குளம், தண்ணிச் சறுக்கு, மின்சாரத்துக்கு ஜெனரேட்டர், தண்ணியைச் சுத்தம் பண்ண ஃபில்டர், நிழல் இல்லைன்னா வெயில்ல தோல் கருகுற பார்வையாளர்கள்னு நிறைய புதுசு. ஆனாலும் ஸ்டீம் தளத்துல விமர்சனம் கலவையாத்தான் வந்தது. மெனுவுக்குள்ள ஒவ்வொண்ணையும் தேடி எடுக்கிறதே பெரிய வேலை, நிர்வாகம் இன்னும் ஆழமில்லைங்கிறதுதான் பரவலான குறை. இன்னொரு பக்கம், 2014-லேயே சில ரசிகர்கள் வேற வழியைப் பிடிச்சுட்டாங்க. 'ஓப்பன்ஆர்சிடி2'ன்னு பழைய இரண்டாம் பாகத்தைத் திறந்த மூலமா மறுபடி எழுதினாங்க. அசல் கேம் கையில இருந்தா இலவசமா இறக்கி, நண்பர்களோட சேர்ந்து ஒரே பார்க்கை நடத்தலாம். அடுத்த பார்ட்டை யாரும் சரியாத் தரலைன்னதும் பழசையே புதுசாக்கிட்டாங்க. என்னைக் கேட்டா இதுதான் இதுவரைக்கும் வந்ததிலேயே நல்ல தொடர்ச்சி.

சரி, நிர்வாகம் ஆழமா இருக்கணும்னா என்ன அர்த்தம்? இப்போ மலை ஏறலாம்.

கொடைக்கானலை ஒரு பார்க்னு நினைச்சுக்கங்க. நினைக்கிறது ஒண்ணும் கஷ்டமில்லை. ஊர் நடுவுல இருக்கிற ஏரியே 1863-ல் மதுரை கலெக்டர் லெவிஞ்ச் காலத்துல உருவாக்கினது. செல்ஃபி எடுக்கிற பைன் காடும் மனுஷன் நட்டது. ஏரி, கோக்கர்ஸ் வாக், பிரையன்ட் பூங்கா, தூண் பாறை, குணா குகைன்னு ரைடுகள் நிறைய. நுழைவாயில்தான் பிரச்சினை. வத்தலக்குண்டுலிருந்து ஒரு மலைப்பாதை, பழனியிலிருந்து ஒண்ணு. ரெண்டும் பெருமாள்மலையில சேர்ந்துடும். அதுக்கு மேல ஊருக்குள்ள போக எல்லாருக்கும் அந்த ஒரே ரோடு. டைகூன் விளையாடினவங்களுக்கு இதைப் பார்த்ததும் கை பரபரக்கும். ரெண்டு பாதையைக் கொண்டுவந்து ஒரே பாதையில முட்ட வச்சா பீப்கள் என்ன ஆகும்னு தெரியும். மே மாசம் வெள்ளி நீர்வீழ்ச்சிக்கிட்ட வண்டிக்குள்ள உட்கார்ந்திருந்தா நாமளே அந்தப் பீப்தான். பசி ஏறுது, பாத்ரூம் அவசரம் ஏறுது, வளைவு வளைவா வந்ததுல குமட்டலும் ஏறுது.

இதுல விளம்பரமும் சேரும். கேம்ல ஒரு ரைடை மட்டும் விளம்பரப்படுத்தினா கூட்டம் அதை நோக்கியே ஓடும். 2024 பிப்ரவரியில 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படம் வந்ததும் குணா குகைக்கு அதுதான் நடந்தது.

இந்த மாதிரி நெரிசலுக்கு டைகூன்ல ஒரு சத்தமில்லாத விதி இருக்கு. நீங்க கட்டின ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு எண்ணிக்கை உண்டு. எல்லாத்தையும் கூட்டி, 'இந்தப் பார்க் இவ்வளவு பேரைத்தான் தாங்கும்'னு கேம் ஒரு அளவு வச்சிருக்கும். அதைத் தாண்டினா கேட் மூடாது, ஆனா புதுசா வர்றவங்க வெகுவாக் குறைஞ்சிடுவாங்க.

கொடைக்கானலுக்கு அப்படித் தானா குறையாது. அதனால 2024 மே 7-லிருந்து சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் இ-பாஸ் வந்தது. முதல்ல எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை. விண்ணப்பிச்ச எல்லாருக்கும் பாஸ் கிடைச்சது, எத்தனை வண்டி வருதுன்னு கணக்கெடுக்கத்தான் அது. இந்த மலைகள் எவ்வளவு தாங்கும்னு ஆய்வு செய்யும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் போனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் நிஜமான வரம்பு: கொடைக்கானலுக்கு வார நாள்ல 4,000 வண்டி, வார இறுதியில 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. அரசு பஸ்ல வந்தா பாஸ் வேண்டாம். உள்ளூர் வண்டிகளுக்கும் இந்த வரம்பு இல்லை.

இதைக் கேம் ஆடுறவங்க கண்ணோட பாருங்க. முதல் கேள்வி, ஏன் வண்டியை எண்ணுறாங்க, ஆளை எண்ணலை? ரெண்டு பேர் வர்ற காரும் ஒண்ணு, பதினாலு பேர் வர்ற வேனும் ஒண்ணு. நெரிசல் ரோட்டுலன்னா வண்டியை எண்ணுறது சரி. தண்ணியும் குப்பையும் பிரச்சினைன்னா தலையை எண்ணணும். எதை எண்ணுறோமோ அதுக்கு ஏத்த மாதிரிதான் மக்கள் நடந்துப்பாங்க. நல்ல நிர்வாக கேம்ல இருக்க வேண்டிய முடிச்சு இது.

ரெண்டாவது, விலை. டைகூன்ல ரொம்பப் பிரபலமான தந்திரம் ஒண்ணு இருக்கு. மழை ஆரம்பிச்ச உடனே குடை விலையை ஏத்திடணும். நனையுற பீப் விலை பார்க்காம வாங்கும். சீசன்ல கொடைக்கானல்ல ரூம் எடுத்தவங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆனா அந்த ரூம்காரர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கு. வருஷ வருமானத்துல பெரும்பங்கு இந்த ரெண்டு மூணு மாசத்துல வரணும். வரம்பு வந்தப்போ வியாபாரிகள் எதிர்த்ததும் இதனாலதான். கேம்ல குடை விக்கிறவருக்கு வீட்டு வாடகை கிடையாது.

நான் சொல்ல வந்தது இந்தக் கடைசி வரிதான். முப்பது வருஷமா வந்த தீம் பார்க் கேம் எதுலயும் பார்க்கைச் சுத்தி ஊர் இல்லை. பார்வையாளர் மேப் ஓரத்துலேர்ந்து முளைச்சு வருவார், அங்கேயே மறைஞ்சிடுவார். பழைய டைகூன்ல துப்புரவுப் பணியாளர் தூங்கவே மாட்டார். 'பிளானட் கோஸ்டர்'ல பணியாளர் சலிச்சுப் போய் வேலையை விடுவார், அதுவே பெரிய முன்னேற்றம். ஆனா அவர் எங்க குடியிருக்கார், எந்த ரோட்டுல வேலைக்கு வர்றார்னு எந்தக் கேமும் கேட்டதில்லை. கொடைக்கானல்ல அந்த ரோடுதான் டூரிஸ்ட் ரோடு. கேரட்டும் பூண்டும் ஏத்தின லாரி, ஸ்கூல் வண்டி, பிரசவத்துக்குக் கீழே போற ஆம்புலன்ஸ், எல்லாமே சனிக்கிழமை நம்ம காருக்குப் பின்னாடிதான் நிக்கணும்.

அதனால ரசிகர்கள் கேட்கிற 'ஆழம்' கிராஃபிக்ஸ்லயோ புது ரைடுலயோ வராதுன்னு நினைக்கிறேன். கேட்டுக்கு வெளியில இருக்கிறதையும் கேமுக்குள்ள கொண்டு வந்தாதான் வரும். ஃபிரண்டியர் மூணாவது பாகம் எடுத்தாலும் சரி, ஓப்பன்ஆர்சிடி2 பசங்க ஒரு பிளகின் எழுதினாலும் சரி, நான் ஆட விரும்புற சினாரியோ இதோ. இடம் பெருமாள்மலைக்கு மேல. மாசம் மே. புது ரோடு போட முடியாது, ரெண்டு பக்கமும் சோலைக்காடு. ஏரி, பூங்கா, பாறை எதையும் நகர்த்த முடியாது. பஸ் வாங்கலாம், பாஸ் எண்ணிக்கையை மாத்தலாம், கீழே வத்தலக்குண்டுல பார்க்கிங் கட்டலாம். ஜெயிக்க மூணு நிபந்தனை: கடைக்காரர்கள் நஷ்டப்படக் கூடாது, ஊர்க்காரங்களோட "வீட்டுக்குப் போகணும்" எண்ணம் குறையணும், எந்த ஆம்புலன்ஸும் பத்து நிமிஷத்துக்கு மேல நிக்கக் கூடாது.

நீங்க எத்தனை வண்டி விடுவீங்க? எண்ணையும் காரணத்தையும் எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.